தொமிகோவின் காதும் பதினொரு சைலன்சர்களும்

மணல் நன்றாக வறுபட்டதா என்று பார்க்க, தொமிகோ ஒரு பிடி அள்ளிக் கண்ணாடித் துண்டின் மேல் கொட்டுவாள். கண்ணாடியில் ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி இரும்புச் சட்டியில் போட்டு வறுக்க வேண்டும். வளைக்கும்போது நசுங்காமல் இருக்கத்தான் குழாய்க்குள் மணல் அடைப்பது; ஈர மணலை அடைத்த குழாயை நெருப்பில் காட்டினால் உள்ளே நீராவி கட்டிக்கொள்ளும், வாயில் அடித்த மரக்கட்டை குண்டுபோலப் பாய்ந்து வெளியே வரும். ஹமாமாட்சு ஊரில் அவளுடைய பட்டறைக் கூரையில் இருக்கும் ஓட்டை அப்படி விழுந்ததுதான். பத்து வருஷமாகிறது. இன்னும் அடைக்கவில்லை, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி மாதம். இவாசே ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சமையல் எரிவாயு உருளை போட்டுக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த ஐம்பது வருஷத்துப் பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டியை வாங்கி, மூன்று வருஷமாக ஒவ்வொரு மரையாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடியது. பெட்ரோல் டாங்கி பளபளத்தது. சைலன்சர் மட்டும் துருவேறி அரிசி சலிக்கும் சல்லடையாகிவிட்டது, அந்த மாடலுக்கு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதனால்தான் தொமிகோவிடம் வந்தார்.

"நகாயா-சான், நான் ஏதாவது பிடிக்கணுமா?" என்று தொமிகோவைக் குடும்பப் பெயரால் மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வாயைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும். குழாய் சிவக்கும்போது யாராவது பேசினா எனக்குக் கை கோணும்."

மணலை அடைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கி, நெருப்பில் காட்டிச் சிவந்ததும் ஒரே மூச்சில் வளைத்தாள். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை, நசுங்கல் இல்லை. எஞ்சினிலிருந்து இறங்கி, கால் வைக்கும் கம்பிக்கு அடியில் நழுவிப் பின்னால் போகும் வளைவு அது. இவாசே வாயைப் பிடித்துக்கொள்ள மறந்து "அடேயப்பா" என்றார்.

இந்த வளைக்கிற வித்தை அவளுக்கு மோட்டார் சைக்கிளால் வந்ததில்லை. பதினெட்டு வயதில் ஊது வாத்தியம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, பதினோரு வருஷம் ட்ரம்பெட் குழாய்களை வளைத்தாள். பிறகு அங்கே இயந்திரம் வந்தது. உடன் வேலை பார்த்த ஒருவன் தன் வண்டிக்கு ஒரு குழாய் வளைத்துத் தரச் சொன்னான், அவன் நண்பன் இன்னொன்று கேட்டான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நாலு வருஷம் இருந்தது, முடிந்தது. அதைப் பற்றி அவளிடம் கேட்டால் "நல்ல மனுஷன், சத்தம் போட்டுச் சாப்பிடுவான்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வளைப்பதை வேறு சிலரும் செய்வார்கள். தொமிகோவுக்குப் பேர் வாங்கித் தந்தது காது. சைலன்சருக்கு உள்ளே ஓட்டை போட்ட தகடுகள் இருக்கும். அவற்றைச் சுற்றிலும் முழுக்க வெல்டிங் வைத்தால் சத்தம் செத்துப்போகும், சூட்டில் விரிய இடமில்லாமல் தகடும் வெடிக்கும். ரொம்பக் குறைவாக வைத்தால் தகடு அதிர்ந்து கீச்சிடும். தொமிகோ நாலே நாலு பொட்டு வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பாள். கீச்சிடும் இடத்தில் மட்டும் இன்னொரு பொட்டு. வெறும் காதுதான், வேறு கருவி கிடையாது. "தொமிகோ முடிச்ச வண்டி தொண்டையைச் செருமாம பேசும்" என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படிச் சொன்னவர்களெல்லாம் ஒன்றரை வருஷமாக வருவதை நிறுத்தியிருந்தார்கள். முதலில் இருவர், பிறகு ஐந்தாறு பேர். சண்டையில்லை, புகாரில்லை. கடைத்தெருவில் பார்த்தால் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் அடுத்த சந்தில் நுழைந்துவிடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு வந்த ஒரே வேலை இவாசேயின் வண்டிதான். என் வேலையில் எங்கோ கோளாறு, அது என்னவென்று தெரியாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் பட்டறை இருக்காது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இந்த ஊரில் ஒருவர் முகத்தைப் பார்த்து 'உன் வேலை சரியில்லை' என்று சொல்ல வைப்பதைவிடக் கிணறு வெட்டுவது சுலபம்.

அதனால் இவாசேயின் சைலன்சரில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கவனம் வைத்தாள். மூன்று நாள் மாட்டினாள், கழற்றினாள், மாட்டினாள். கடைசியில் எஞ்சினை முறுக்கிக் கண்ணை மூடிக் கேட்டாள். அடிவயிற்றிலிருந்து வரும் தடதடப்பு, சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல். அவளுக்கே பெருமையாக இருந்தது.

"எப்படி?"

இவாசே வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"நல்ல சத்தம்."

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்ல சத்தம், நகாயா-சான். ரொம்ப நன்றி. ரொம்ப ரொம்ப நன்றி." தேவைக்கு மேல் இரண்டு முறை குனிந்தார். கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பையை மேஜையில் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். ஓட்டிக்கொண்டு போகவில்லை. அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டை பொரிக்கும் கடை வாசலில் அந்த வண்டி நின்றிருந்தது. வண்டிச் சோதனையில் தேறிய வில்லை புதிதாக ஒட்டியிருந்தது. தேறாமல் என்ன? அங்கே கருவி சத்தம் எவ்வளவு என்று அளக்கும், எப்படி என்று அதற்குத் தெரியாது. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தவள்போல் தொமிகோ பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். சைலன்சரின் வால் பக்கத்தில், அடியில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெல்டிங் தையல் இருந்தது. வெட்டித் திறந்து மறுபடி மூடிய தையல். தொமிகோ இடக்கைக்காரி, அவள் தையலின் செதில்கள் இடப்பக்கம் சாயும். இது வலப்பக்கம் சாய்ந்திருந்தது, பொடிப்பொடியாக, கஞ்சத்தனமாக. இப்படித் தைப்பவன் இந்த ஜில்லாவிலேயே ஒருவன்தான்.

கடைக்குள் இருந்த இவாசேயை அவள் கூப்பிடக்கூட இல்லை. நேராக ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹிரானோவின் பட்டறைக்குத் தன் வண்டியை விட்டாள். ஹிரானோவும் சைலன்சர்காரர்தான். இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் கிண்டலில் வாரிக்கொண்டு தொழில் செய்கிறார்கள்.

"ஹிரானோ! வெளிய வா!"

"என்ன ட்ரம்பெட், ஞாயித்துக்கிழமையும் ஊதுற?"

"இவாசே வண்டில கை வச்சியா?"

"எந்த இவாசே?"

"யாருக்குக் காது குத்துற? உன் தையல் எனக்குத் தெரியாதா? நான் வளைச்ச குழாயில நீ எதுக்குக் கத்தி வைக்கிற? தொழில் இல்லேன்னா சொல்லு, நான் போடுறேன் பிச்சை."

வழக்கமாக இதற்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிற ஆள் ஹிரானோ. அன்றைக்கோ மெதுவாக நகர்ந்து நகர்ந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"அது யாருது?"

"எது?"

"நீ முதுகால மறைக்கிறியே, அது."

அதுவும் அவள் செய்த சைலன்சர்தான். வால் திறந்து கிடந்தது.

"எத்தனை?"

"விடு தொமிகோ. டீ குடிக்கிறியா?"

"எத்தனைன்னு கேட்டேன்."

"இதோட பதினொண்ணு."

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்தகடு கத்துது" என்றார் ஹிரானோ. குரல் இறங்கியிருந்தது. "கொஞ்சம் முறுக்கினதும் சில்வண்டு மாதிரி. நிஜமாவே உனக்குக் கேக்கலையா?"

"கத்துதா? மாட்டு. நான் கேக்கிறேன்."

சட்டத்தில் பூட்டியிருந்த எஞ்சினில் அந்தச் சைலன்சரை மாட்டி ஓடவிட்டார். முறுக்கினார். தொமிகோ கண்ணை மூடினாள். அதே தடதடப்பு. சுத்தம். பொய் சொல்கிறான், என் பேரைக் கெடுக்க பதினோரு பேரிடம் பொய் சொல்லியிருக்கிறான் என்று ஒரு நொடி உறுதியாக நம்பினாள். நம்ப ஆசையாகவும் இருந்தது.

"நல்லாத்தான்யா இருக்கு!" என்று எஞ்சினுக்கு மேலே கத்தினாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஹிரானோவின் மனைவி அலறினாள். "அந்தக் கீச்சலை நிறுத்தித் தொலைங்க! பல்லு கூசுது!"

ஸ்பானரையும் சுத்தியலையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பெண் அவள். தொமிகோ வந்திருப்பதும் அவளுக்குத் தெரியாது. ஹிரானோ எஞ்சினை அணைத்தார். மாற்றான் வாயிலிருந்து வந்திருந்தால் மறுத்திருக்கலாம். இதை எப்படி மறுப்பது?

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வர்ற ஒவ்வொருத்தரும் காதோட காதா, 'நகாயா-சானுக்குத் தெரியவேணாம், மனசு கஷ்டப்படும்'னாங்க. நானும் சரின்னுட்டேன். உன் மூக்கு, உன் சமையல், உன் ஓட்டைக் கூரைன்னு எல்லாத்தையும் கிண்டல் பண்ணியிருக்கேன். இதுக்கு மட்டும் வாய் வரல."

"அதான் ஒருத்தரும் வர்றதில்ல. எனக்குத் தெரியாம உன்கிட்ட வந்துட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் வாசப்படி ஏறுவாங்க? என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க பன்னெண்டு பேரும் சேர்ந்து என் கடையையே இழுத்து மூடப் பாத்தீங்க."

ஹிரானோ இதை யோசித்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. தொமிகோ டீ குடிக்காமல் கிளம்பினாள். பாலத்தின் நடுவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிறிது நேரம் அழுதாள். ஹிரானோ மேல் கோபம் போகவில்லை. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மறுநாள் காது டாக்டரிடம் போனாள். மேல் சுருதிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, திரும்பி வராது என்றார். காதில் மாட்டும் கருவி ஒன்று கொடுத்தார். அதைப் போட்டதும் எஞ்சினும் கிரைண்டரும் மழையும் எல்லாம் ஒரே தகர டப்பாவாகக் கேட்டன, எது தகடு என்று பிரிக்க முடியவில்லை. தொலைக்காட்சி பார்க்க வைத்துக்கொண்டாள். விரலை வைத்துப் பார்த்தாள், சைலன்சர் முழுக்கத்தான் அதிர்கிறது, அதில் எந்த அதிர்வைப் பிடிப்பது? பொட்டு வைக்காமல் சுற்றிலும் முழுக்கத் தைத்துவிடலாம், எல்லோரும் செய்கிறபடி. அதற்குத் தொமிகோ எதற்கு?

ஒரு வாரம் பட்டறையைத் திறக்காமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் இவாசேக்குப் போன் போட்டாள்.

"வண்டிய எடுத்துட்டு வாங்க."

"நகாயா-சான், அது வந்து... நான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"தெரியும். ஹிரானோ தையலைப் பிரிச்சுட்டு நான் சரியா வைக்கிறேன். ஆனா நீங்க பக்கத்துலயே நிக்கணும்."

"என்னால என்ன ஆகும்?"

"எனக்குக் காது கேக்கல இவாசே-சான். மேல் சத்தம் எதுவும் கேக்கல. உங்களுக்குக் கேக்குது. கத்துதா இல்லையான்னு நீங்க சொல்லணும். மரியாதைக்கு ஒரு தடவை 'நல்ல சத்தம்'னீங்கன்னா, அந்தக் குழாயாலயே போடுவேன்."

"வர்றேன்" என்றார் இவாசே.

வந்தார். தொமிகோ தையலைப் பிரித்தாள், தகட்டை இழுத்தாள், ஹிரானோ சுற்றிலும் முழுக்க வைத்திருந்த வெல்டிங்கைத் தேய்த்து எடுத்துவிட்டு நாலு பொட்டு வைத்து மாட்டினாள். எஞ்சினை முறுக்கினாள். அவளுக்கு எல்லாம் சுத்தமாகவே இருந்தது. இவாசேயைப் பார்த்தாள்.

அவருடைய வாய் 'நல்ல' என்று திறந்தது. நின்றது. காது மடல் சிவந்தது. அறுபத்தாறு வருஷத்தில் யாரிடமும் இப்படிப் பேசியிராத மனிதர்.

"கத்துது" என்றார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கக் குனியப் போனார்.

"குனியாதீங்க. எங்க?"

"வலப்பக்கம்... பின்னால இருந்து. ஆமா, பின்னாலதான்."

கழற்றினாள். பொட்டு வைத்தாள். மாட்டினாள்.

"இப்ப?"

"கத்துது. கொஞ்சம் கம்மி."

மறுபடி கழற்றினாள். மூன்றாவது தடவை இவாசே குனியவும் இல்லை, தயங்கவும் இல்லை. அவள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார். "இன்னும் இருக்குங்க. நல்லா முறுக்கினா வருது." தொமிகோவுக்குக் கையில் சூடுபட்டிருந்தது, இடுப்பு வலித்தது, ஒன்றரை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஒருவர் அவள் முகத்துக்கு நேரே அவள் வேலை சரியில்லை என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார், அவரும் போய்விடவில்லை, அவளும் செத்துவிடவில்லை.

மூன்றாவது கூடுதல் பொட்டு. எஞ்சினை முழுக்க முறுக்கிப் பிடித்தாள். இவாசே தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, வால் பக்கம் குந்தி உட்கார்ந்து கேட்டார். எழுந்து இன்னொரு பக்கம் போய்க் கேட்டார். அவள் காத்திருந்தாள்.

"நின்னுடுச்சு" என்றார்.

அவள் காதுக்கு முதல் தடவை கேட்டதும் இப்போது கேட்பதும் ஒன்றுபோலவே இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். எஞ்சினை அணைத்தாள்.