தேய்க்கக் கூடாத ஊசி

நாகலூர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்த எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பேர் இருந்தது: ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது. குத்துவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பஞ்சை வைத்து, மாவு பிசைகிற மாதிரி அழுத்தித் தேய்த்தால்தான் மருந்து உடம்பில் ஏறும் என்பது காப்பித் தோட்டத்து ஆட்களின் நம்பிக்கை. தேய்க்காமல் விட்டால், பாதி ஊசிதான் போட்டான் என்று ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் போய்ச் சொல்வார்கள். அதனால் இருபது வருஷம் தேய்த்தேன். மருந்தைவிட என் கைக்குத்தான் ராசி அதிகம் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிவிட்டது, உள்ளே ஒரு ரத்தக்கட்டியும் நிற்கிறது என்றார் சேலத்து டாக்டர். மெட்ராஸில் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. அதுவரை கட்டி வளர்ந்து மூளைக்கு ஓடாமலிருக்க, ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் ஊசியைக் காலையும் மாலையும் போட வேண்டும். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, புருஷன் கம்பவுண்டர் என்ற தைரியத்தில் டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பினார். என்னை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

"வயித்துத் தோலைக் கிள்ளிப் பிடிச்சு, தோலுக்கடியில மட்டும் போடுங்க. தினம் இடம் மாத்துங்க. அப்புறம் பஞ்சை லேசா அழுத்தினாப் போதும், தேய்க்கக் கூடாது. முக்கியமா, சதையில வேற எந்த ஊசியும் போடக் கூடாது. எங்க வலிச்சாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

முதல் நாளே ஊசியை எடுத்ததும் கை தானாகத் தேய்க்கப் போனது. பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"ஏனுங்க, டாக்டரு சொன்னது காதுல உளுந்துச்சுங்களா?"

"கை பழகிப்போச்சு, புள்ள."

"அப்ப அந்தக் கையை டிஸ்பென்சரிலயே வெச்சுட்டு வாங்க."

அப்படியும் பாதி நாள் தேய்த்துத்தான் விட்டேன். வயிறெல்லாம் நாவற்பழம் நசுக்கிய மாதிரி நீலம். வந்தவர்களிடம், "எங்க ஊட்டுக்காரரு பச்சை குத்திப் பழகறாருங்க" என்றாள். வாரம் ஒருமுறை ரத்தம் சோதிக்கச் சேலத்துக்கு இறங்கினோம். ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டே வாரம்.

அப்போதுதான், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் ஊசி போட்டு நிமித்தி உடறீங்க. எனக்கு மட்டும் கிடையாதுங்களா? நொம்ப வலிக்குதுங்க."

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன ஊசிதானே என்ற நினைப்பும் கூடவே வந்தது. வலி ஊசியை இடுப்புச் சதையில் போட்டேன். வயிற்றில்தானே தேய்க்க வேண்டாம் என்றார் என்று இங்கே ஆசை தீரத் தேய்த்தேன்.

"இப்பத்தான் சுகமா இருக்குதுங்க" என்று தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை இடுப்பில் ஆரஞ்சு அளவு வீக்கம். மதியத்துக்குள் தொடை வரை கல்லாக இறுகி, முகம் வெளுத்துவிட்டது. எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினோம். ஒவ்வொரு வளைவிலும் என் மேல் சாய்ந்து சாய்ந்து வந்தவள், அடிவாரம் வந்ததும் மெல்லச் சொன்னாள்.

"ஏனுங்க, நான் கீழ உளுந்துட்டேன்னு டாக்டருகிட்டச் சொல்லிருங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கு இருக்கறதே அந்த ஒரு பேருதானுங்களே."

டாக்டரிடம் உண்மையைத்தான் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. உள்ளே ரத்தம் கசிகிறது என்று ஹெப்பாரினை நிறுத்திவிட்டு, வேறு ரத்தம் ஏற்றினார். ஆபரேஷன் தேதி போய்விட்டது.

"மருந்து குடுத்தா ரத்தம் போகும். குடுக்கலைன்னா கட்டி வளரும். வீக்கம் அடங்கற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கணும், வேற வழியில்ல" என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வலது கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. கட்டி மூளைக்குப் போய்விட்டிருந்தது. மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல மனுஷர். நான்கு மாதம் படுக்கையில் இருந்தாள். ஆபரேஷன் பேச்சையே அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. மரத்துப்போன காலை நான் நீவிவிடப் போனால் மட்டும், இடது கையால் என் கையைத் தட்டிவிடுவாள். விளையாட்டா, கோபமா என்று கேட்டால் பதில் சொல்ல அவளுக்குப் பேச்சில்லை.

அவள் காரியம் முடிந்து டிஸ்பென்சரிக்குத் திரும்பிய அன்று முதலில் வந்த ஆள் ஊசி போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்.

"ஏனுங்க, தேய்ச்சு உடலீங்களா?"

பஞ்சை அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே தேய்ச்சுக்குங்க."

சாயங்காலத்துக்குள் ஒண்டிக்கடை வரைக்கும் பேச்சுப் போய்விட்டது, கம்பவுண்டர் பாதி ஊசிதான் போடுகிறான் என்று.