வாங்கியது உண்மை

நான்கு வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம் அது. தஞ்சாவூரில் கோர்ட்டுக்கு எதிரே உள்ள சந்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு திருவையாறு. காலையில் பஸ் ஏறி வந்து கடையைத் திறந்தால், சாயந்திரம் வரை வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. மனு, பத்திரம் என்று எல்லாம் வரும். ஆனால் அதிகம் அடித்தது வக்கீல் நோட்டீஸ்தான். பழைய நோட்டீஸ் ஒன்றைத் திறந்து பெயர், விலாசம், தொகை மூன்றையும் மாற்றினால் புது நோட்டீஸ் தயார். பதினைந்து நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் தங்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்ற வரியைத் தமிழிலும் இங்கிலீஷிலும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

நோட்டீஸ் போகிற ஆட்கள் மேல் எனக்கு அப்போது ஒரு இளக்காரம் உண்டு. வாங்கும்போது இனித்ததாம், கேட்டால் மட்டும் ஒளிந்து கொள்வார்களாம் என்று பக்கத்து டீக்கடை அம்மாவிடம் நியாயம் பேசுவேன். அந்த ஆடியில் ஒரு நாள் தபால்காரர் வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கவரில் என் பெயரே இருந்தது.

விஷயம் இதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு என் கணவர் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பிளேட் வைக்க வேண்டும், உடனே பணம் கட்டுங்கள் என்றார்கள். கையில் இருந்தது ஒரு கிரெடிட் கார்டு மட்டும்தான். நாற்பத்தெட்டாயிரம் ரூபாயைத் தேய்த்துவிட்டு, சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கடன் என்றாலே ஆகாது. பிறகு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் போட்டிருப்பதை மட்டும் ஒழுங்காகக் கட்டி வந்தேன். கடன் கரைகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அது வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவள், என் பில்லின் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. ஒரு கட்டத்தில் அதுவும் கட்ட முடியவில்லை. போன் மேல் போன் வந்தது. புது சிம் வாங்கினேன். அத்தோடு தொல்லை விட்டது என்று நிம்மதியாக வேறு இருந்தேன்.

இப்போது நோட்டீஸில் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் என்று போட்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொகையை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வழக்கு என்று வந்தால் எதிர்க் கோர்ட்டுக்குத்தான் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தினமும் என் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற கோர்ட் அமீனாவே என் பெயருக்குச் சம்மன் கொண்டு வந்து நீட்டுவார். நாலு பேர் பார்ப்பார்கள். அதன் பிறகு எந்த வக்கீல் என்னை நம்பிக் கட்சிக்காரர்களின் கேஸ் கட்டை ஒப்படைப்பார்? கடை போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கணவர் அப்போதும் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடந்துகொண்டிருந்தார்.

நோட்டீஸைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் கடைக்கும் சுமந்தேன். என்னிடம் வேலை கொடுக்கும் ஒரு இளம் வக்கீல் அம்மாவிடம், தெரிந்தவர் ஒருவருக்கு வந்திருக்கிறது என்று பொய் சொல்லி யோசனை கேட்டேன். எல்லாவற்றையும் மறுத்துவிடச் சொல்லுங்கள், அவர்களே நிரூபித்துக்கொள்ளட்டும் என்றார். ஒப்புக்கொண்டு எழுதினால் அதுவே எதிராக ஆதாரமாகிவிடும் என்றும் எச்சரித்தார். அவர் தொழிலுக்கு அது சரியான யோசனைதான். அன்றே பழைய பதில் நோட்டீஸ் ஒன்றைத் திறந்து என் பெயரைப் போட்டேன். 'தங்கள் நோட்டீஸில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய்யானவை, கற்பனையானவை' என்று அது ஆரம்பிக்கும். கார்டே வாங்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அடித்து முடித்தேனே தவிர, பிரிண்ட் எடுக்கக் கை வரவில்லை. நாள் மட்டும் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒருவர் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று கணுக்காலில் காய்ந்த சேறு சொன்னது. குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவை நட்டிருப்பதாகச் சொன்னார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்து, இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். பிரித்தால் கிரெடிட் கார்டு கடனுக்கு வந்த வக்கீல் நோட்டீஸ். வங்கி வேறு, வக்கீல் வேறு. வாசகம் அச்சு அசல் என்னுடையது. பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பதினைந்து நாள் வரி வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, என் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னையே பார்த்தார். "நீங்க ஏன்க்கா பயப்படுறீங்க? நோட்டீஸு எனக்குல்ல வந்துருக்கு?"

சிரித்து மழுப்பிவிட்டு, பதில் எழுத வேண்டுமா என்று கேட்டேன். அதற்குத்தான் வந்தேன் என்றார். நான் பெரிய அனுபவசாலி மாதிரி, எல்லாவற்றையும் மறுத்து எழுதிவிடலாம், கார்டே வாங்கவில்லை என்று போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"வாங்குனது நெசந்தானக்கா. மோட்டாரு காயில் எரிஞ்சு போச்சு, அந்தக் கார்டுலதான் சரி பண்ணேன். இல்லன்னு எழுதுனா, கீழ நான்ல கையெழுத்துப் போடணும்?"

ஒப்புக்கொண்டால் உங்களுக்குத்தான் ஆபத்து என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கோபப்படவும் இல்லை. உரம் வாங்கும்போது விலை கேட்கிற மாதிரி நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். வாங்கியது உண்மை என்று முதல் வரியில் போடச் சொன்னார். வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, இவர்கள் கேட்கிற தொகை எப்படி வந்தது என்று மாதவாரியாகக் கணக்குக் கேட்கச் சொன்னார். புரட்டாசியில் குறுவை அறுத்ததும் தவணையாகக் கட்ட ஆரம்பிப்பேன், நியாயமான தொகையைச் சொல்லுங்கள் என்று முடிக்கச் சொன்னார். நான் அடித்ததை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவ்வளவுதான், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் போன பிறகு எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரில் என் பதிலைத் திறந்தேன். பொய்யானவை, கற்பனையானவை. முழுவதையும் அழித்தேன். 'கார்டு என்னுடையது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் பயன்படுத்தியது உண்மை' என்று ஆரம்பித்தேன். அதுவரை கட்டியதற்கான ரசீதுகளை நகல் எடுத்துச் சேர்த்தேன். மாதவாரிக் கணக்கு கேட்டேன். மாதம் என்னால் எவ்வளவு முடியும் என்பதையும், புது போன் நம்பரையும் எழுதினேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அன்று சாயந்திரமே கணவரிடம் நோட்டீஸையும் பதிலின் நகலையும் கொடுத்துவிட்டேன். இரண்டையும் அவர் கடைசி வரி வரை படித்தார். திட்டப் போகிறார் என்று நின்றிருந்தேன்.

"எங் காலுக்குத்தான வாங்கிருக்க. எங் கையெழுத்தையும் வாங்கிருக்கலாம்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து வங்கி வக்கீலின் ஆபீசிலிருந்து போன் வந்தது. இளம் வக்கீல் அம்மா எச்சரித்தது அப்படியே நடந்தது. நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே, மொத்தத்தையும் உடனே கட்டுங்கள் என்று மிரட்டலாகப் பேசினார்கள். பழைய ஆளாக இருந்தால் சிம்மைக் கழற்றியிருப்பேன்.

"ஆமா சார், ஒப்புக்கிட்டேன். அதனாலதான் கணக்குக் கேக்குறேன். அனுப்புங்க, பாத்துட்டுப் பேசுவோம்" என்றேன்.

அவர்கள் விடவில்லை, நானும் விடவில்லை. போனில் சொன்ன எதையும் ஏற்கவில்லை. எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று இன்னும் மூன்று கடிதம் போட்டேன். கடைசியில் கணக்கு வந்தது. தாமதக் கட்டணங்களில் பெரும்பகுதியைத் தள்ளி, எழுபதாயிரத்தைப் பதினான்கு தவணையில் கட்டலாம் என்று கடிதமும் வந்தது. ஒரு தவணைகூடத் தவறவில்லை. பாக்கி இல்லை என்ற கடிதம் வந்த அன்று அதை நானே பத்து நகல் எடுத்தேன். எதற்குப் பத்து என்று கணவர் கிண்டல் செய்தார். அமீனா இன்றும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்.

அந்த மனிதரை அதன் பிறகு பார்க்கவில்லை. குறுவை நன்றாக விளைந்ததா, கடனை முடித்தாரா, எதுவும் தெரியாது. அன்று அவர் கிளம்பும்போது டைப்பிங் கூலி அறுபது ரூபாய் என்றேன். சட்டைப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். நானும் கை நீட்டி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டேன். என்னை மறுபடியும் கோர்ட் வாசலில் தலை நிமிர்ந்து உட்கார வைத்தவரிடம் கூலி வாங்கியிருக்கிறேனே என்று நினைக்கும்போதெல்லாம் இப்போதும் மனசு கூசுகிறது.