கிழக்கு பார்த்த தகடு

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில், நான் தனியாகச் செய்த முதல் வேலை.

மீன் ஃப்ரீசர் சூடானால் கடைக்கார ஆன்டியின் போனுக்குத் தகவல் போக வேண்டும். ஃப்ரீசரில் ஒட்டிய சென்சாருக்குச் சின்ன பேட்டரிதான். அதன் சிக்னல் சமையலறைச் சுவரைத் தாண்டி ரூட்டருக்கு எட்டவில்லை.

சமையலறை வாசலுக்கு எதிரே ஓர் அலுமினியத் தகட்டைச் சாய்த்து மாட்டினேன். சிக்னல் அதில் பட்டுத் திரும்பி ரூட்டருக்குப் போனது. மூன்று மணிக்கு எங்கள் கம்பெனி மேனேஜர் பார்க்க வருவார். சரியாக இருந்தால்தான் அடுத்த கடை வேலையும் எனக்கு.

நிம்மதியாகத் தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்தால், சிக்னல் இல்லை. தகட்டில் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். திசையும் மாறியிருந்தது.

“ஆன்டி, இது சாமி படம் இல்ல. சிக்னலைத் திருப்பிவிடுற தகடு.”

“தெரியும்மா. கடைக்கு நல்லது செய்யுற பொருள் தெற்கே பார்க்கலாமா? கிழக்கு பார்த்து வெச்சேன் லா.”

எனக்கு வாதாட வராது. ரூட்டரைக் கழற்றி, தகடு பார்க்கும் பக்கமாக, பலகாரக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தேன். சிக்னல் முன்பைவிட நன்றாக வந்தது.

மேனேஜர் பாராட்டினார். “ரூட்டரை ஏன் இடம் மாத்துன? காரணத்தை ரிப்போர்ட்ல எழுதிடு.”

ஆன்டியின் காரணத்தை இன்ஜினியரிங் பாஷையில் எழுதத் தெரிந்தவர்கள் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள். நாளை காலைக்குள் அனுப்ப வேண்டும்.