பேச்சி பிடித்த கயிறு

உங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டி நாற்பதடிக் கிணற்றுக்குள் இறக்கினால், மறுமுனையை யாரிடம் கொடுப்பீர்கள்? புளியமரத்திடமா, ஒரு பெண்ணிடமா?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிணறு வெட்டுகளில் எல்லாரும் மரத்தைத்தான் நம்பினார்கள். வெடி போட்ட பிறகு, பாறைச் சுவரில் பெயர்ந்து நிற்கும் கற்களை ஒருவன் தொற்றி ஏறித் தட்டிவிட வேண்டும். அவன் இடுப்புக் கயிறு மேலே மரத்தில் கட்டியிருக்கும். மரத்தில் ஓர் எலுமிச்சம்பழமும் தொங்கும். பேச்சியின் தம்பி தங்கசாமி அப்படித்தான் செத்தான். அவன் ஏற ஏறக் கயிறு தொய்ந்தது. இழுத்துப் பிடிக்க ஆளில்லை. வழுக்கி விழுந்தவனைக் கயிறு வெடுக்கென்று நிறுத்தியது. கயிறு அறவில்லை, முதுகெலும்பு முறிந்தது.

விதி என்றார்கள். கல் சுமக்கும் பேச்சி ஒப்பவில்லை. பாழுங்கிணறு ஒன்றில் கல் நிறைத்த சாக்கைக் கயிற்றில் கட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்தால் சாக்கு கிழிந்தது. ஒரு முழம் நழுவ விட்டு மெல்ல இறுக்கினால் கிழியவில்லை. நனைத்த சாக்கை இடுப்பில் சுற்றி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, உட்கார்ந்து, இரண்டு காலையும் பாறையில் ஊன்றிப் பழகினாள்.

1979இல் வெள்ளத்துரை தோட்டத்தில் வெட்டு. கயிற்றை எடுக்கப் போனவளை அவர் மறித்தார்.

“ஏட்டி, கயித்துப் பக்கம் போவாத! பொம்பள கை பட்டா ஊத்து வத்திரும்.”

“நாப்பதடி வெட்டியும் சொட்டுத் தண்ணி காணோமே அண்ணாச்சி. நான் இன்னும் தொடவே இல்ல. பெறவு எப்படி வத்திச்சு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இறங்க வேண்டிய கருத்தப்பாண்டி, தங்கசாமியின் உடலைத் தூக்கி வந்தவன். மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து அவளிடம் நீட்டினான்.

“யக்கா பிடிக்கட்டும். தூங்கிராத, யக்கா.”

“வாய மூடிட்டு இறங்குலே.”

கீழே போய்ச் சுவரில் ஏறினான். அவன் ஒரு சாண் ஏறினால் அவளும் ஒரு சாண் இழுத்தாள். பாதிச் சுவரில், கால் வைத்த கல்லே பெயர்ந்தது. கயிறு அவள் இடுப்பைச் சுற்றி ஒரு முழம் சீறி ஓடியது; மெல்ல இறுகியது; நின்றது.

கிணற்றுக்குள் சத்தமே இல்லை.

“போயிட்டானா?” என்றார் வெள்ளத்துரை.

“யக்கா! பீடிக்கட்டு கீழ விழுந்துட்டு!” என்று உள்ளிருந்து கத்தினான் கருத்தப்பாண்டி.

எலுமிச்சம்பழம்தான் காப்பாற்றியது என்று மறுநாள் மரத்துக்குக் குங்குமம் வைத்தார் வெள்ளத்துரை. பேச்சியின் வெந்த உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய்கூடத் தரவில்லை.

அதன்பின் ஆறு வருஷமாக, ராயகிரி வரைக்கும் போய்க் கயிறு பிடிக்கிறாள். அவள் பிடித்த கயிற்றில் ஒருவனும் சாகவில்லை. மரத்தில் கட்டிய கயிறுகளில் இன்னும் சாகிறார்கள்.

உங்கள் தோட்டத்தில் வெட்டு நடக்கிறதா? இன்றைக்கே போய் மரத்திலிருந்து கயிற்றை அவிழுங்கள். பேச்சியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுங்கள். சாக்கை நீங்களே நனைத்துக் கொடுங்கள்.