எதிர் டீமுக்கு நான் வித்த மெழுகுவத்தி

மெழுகுவத்தி வியாபாரத்துல ஒரே ஒரு சட்டம்தான்: யாரு எதுக்கு ஏத்துறாங்கன்னு கடைக்காரி கேக்கக் கூடாது. கேட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு நானே சாட்சி. விவேக் நகர்ல, சர்ச்சுக்கு எதிர்ல எங்க வீட்டுக்காரரும் நானும் கடை வெச்ச நாளா, பரீட்சை, கல்யாணம், விசா, வீட்டு லோன்னு ஊர்ல உள்ள வேண்டுதல் எல்லாம் எங்க கையைத் தாண்டித்தான் உள்ள போயிருக்கு. எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. வியாழக்கிழமை சர்ச்சுல நவநாள் ஜெபம், அன்னைக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

ஆனா இது பக்திக் கதை இல்லீங்க, ஃபுட்பால் கதை. பெங்களூர்ன்னா கிரிக்கெட்டுதான்னு நெனைக்கிறவங்க, ஒரு ஞாயித்துக்கிழமை எங்க தெருப்பக்கம் வந்து பாக்கணும். என்னை மாதிரியே, எப்பப் பாத்தாலும் தோக்கிற டீமுக்காக உயிரை விடுற பாவப்பட்ட ஜென்மங்க நாலு பேராவது இதைப் படிப்பீங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்.

மஞ்சத்தண்ணி

எங்க டீமுக்கு ரிஜிஸ்டர்ல என்னமோ பேரு இருக்கு, யாரும் அதைச் சொல்றதில்ல. எல்லாருக்கும் அது மெழுகுவத்தி டீம்தான். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல எங்க தெருப் பசங்க, பெயிண்டரு, எலெக்ட்ரீஷியன், லாரி டிரைவருன்னு ஒண்ணு சேந்து டீம் ஆரம்பிச்சப்ப, பனியன் வாங்கிக் குடுத்தது மெழுகுவத்திக் கடைக்காரங்க நாங்க. என்ன கலர்னு கேட்டாங்க. மத்தவங்க வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் மஞ்சள்னு சொல்லிட்டேன். வெள்ளைப் பனியனா வாங்கி, எங்க மொட்டை மாடியில நானே அண்டாவுல சாயம் காய்ச்சி முக்கி எடுத்தேன். சாயம் நிக்கறதுக்கு உப்புப் போடணும்னு ஒரு பாவியும் எனக்குச் சொல்லல.

மொத மேட்ச். ஆட்டம் ஆரம்பிச்ச உடனே மழை. சாயம் பனியனை விட்டு இறங்கி டிராயர், முட்டி, சாக்ஸ் எல்லாம் மஞ்சளாயிடுச்சு. நம்ம பசங்க மேல இடிச்சதுல எதிர் டீம்காரனுங்களும் மஞ்சள். கொஞ்ச நேரத்துல யாரு எந்த டீம்னே தெரியல. அவங்க ஆளு ஒருத்தன் குழம்பிப்போய் நம்ம ஆளுக்கே பாஸ் குடுத்தான், நாங்க கோல் போட்டுட்டோம்! எங்க டீமோட மொத கோல் அதுதான். இதை ஏத்துக்கிறதா வேணாமான்னு ரெஃப்ரி ரொம்ப நேரம் யோசிச்சாரு. கடைசியில விசிலை ஊதிட்டு, கையில ஒட்டின மஞ்சளைத் தொடைச்சுக்கிட்டே கேட்டாரு: "ஏம்ப்பா, இது ஃபுட்பால் மேட்ச்சா, நலங்கா?"

கைராசி

ஒரு வியாழக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவரு ஒருத்தர் வந்தாரு. பேரு நாராயணப்பா. ஒரு பெரிய ஃபேக்டரியில ஃபோர்மேன். கன்னடக்காரரு, ஆனா தமிழ் சரளமா வரும். கடையிலயே பெரிய மெழுகுவத்தியா ஒண்ணு கேட்டாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குதா? "யாருக்கு சார், பேரப்பசங்களுக்கா?"ன்னு கேட்டுட்டேன். "இல்லம்மா, சனிக்கிழமை எங்க ஃபேக்டரி டீமுக்கு ஃபுட்பால் மேட்ச். இந்தப் பக்கத்து டீம்தானாம், என்னமோ மெழுகுவத்தி டீம்னு சொன்னாங்க"ன்னாரு.

என்ன செய்யச் சொல்றீங்க? கையில பேப்பர் சுத்தி எடுத்து நீட்டியாச்சு. நீட்டினதைத் திருப்பி வாங்கினா கடைக்கு ஆகாது. குடுத்தேன். சனிக்கிழமை எங்களைக் கதறக் கதற அடிச்சானுங்க. நாலு கோல். அடுத்த வியாழக்கிழமை அந்த மனுஷன் மைசூர் பாக்கு டப்பாவோட வந்து என் கையிலயே குடுத்து, முகமெல்லாம் சிரிப்பா சொன்னாரு: "ரீத்தம்மா, உங்க கைராசி பிரமாதம்மா! இனிமே எங்க டீமுக்கு உங்க கடைதான்!"

ஸ்டாக் இல்ல

வியாபாரத்துல கைராசின்னு பேரு வாங்க ஒவ்வொருத்தரும் தவம் கிடக்கிறாங்க. எனக்கு அது எதிரி டீம் மூலமா வந்து சேந்துச்சு. அதுக்கப்புறம் ஃபேக்டரி டீமோட எங்களுக்கு எப்ப மேட்ச் வந்தாலும், அதுக்கு முந்தின வியாழக்கிழமை ஃபோர்மேன் சார் வந்து நிப்பாரு. நாங்களும் தவறாம தோத்துக்கிட்டே இருந்தோம்.

ஒரு வருஷம் நான் முடிவு பண்ணிட்டேன். அவரு வந்ததும், "பெரிசு ஸ்டாக் இல்ல சார்"ன்னு சொன்னேன். என் தலைக்குப் பின்னாடி ரேக்கு முழுக்கப் பெரிசுதான் நிக்குது. அவரு அதையே பாத்தாரு. "அதெல்லாம் ஆர்டர் சார்"ன்னேன். அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரரு சேவியர் உள்ள இருந்து வந்தாரு. அவருக்கு கிரிக்கெட்டைத் தவிர வேற உலகம் கிடையாது. "யாரு ஆர்டரு? எனக்குத் தெரியாம?"ன்னு கேட்டுக்கிட்டே ரெண்டு எடுத்துச் சுத்திக் குடுத்துட்டாரு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி: இந்தத் தடவை என் கை படல, இவரு கைதான் பட்டுது. அந்த வாரமும் தோத்தோம். மைசூர் பாக்கு டப்பாவோட வந்த ஃபோர்மேன் சார், எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துச் சொன்னாரு: "அம்மா கை, அய்யா கைன்னு வித்தியாசமே இல்ல. இது குடும்ப ராசி!"

யாரும் கேக்காத என் கருத்துகள்

ஃபுட்பால் பத்தி எனக்குன்னு சில கருத்து உண்டு. கோல் கீப்பர் பேசக் கூடாது, பிடிக்கணும். பெனால்டி அடிக்கறவன் வானத்தைப் பாத்துக் கும்பிடக் கூடாது, மூலையைப் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, பந்து ஒருத்தன் அப்பன் வீட்டு சொத்து இல்ல, பாஸ் குடுக்கணும். இந்தக் கடைசிக் கருத்து சகாயத்துக்காகவே உருவானது. சகாயம் எங்க ரைட் விங். எலெக்ட்ரீஷியன். கால் என்னமோ தங்கமான கால்தான், ஆனா பிஸ்கட் கிடைச்ச குழந்தை யாருக்கும் தராத மாதிரி பந்தை வெச்சுக்குவான். ரெண்டு பேரை ஏமாத்துவான், மூணாவது ஆளுகிட்டப் பறிகுடுத்துட்டு இடுப்புல கை வெச்சு நிப்பான்.

நான் ஸ்டேடியத்துல எப்பவும் சகாயம் ஆடற ரைட் சைடுலதான் உக்காருவேன். "பாஸ் குடுடா சகாயம்! உன் கையில கரண்ட் ஒயரா இருக்கு, விட மாட்டேங்கிறே!"ன்னு கத்தற கத்துல என் தொண்டை போய், மறுநாள் கடையில சைகையிலதான் வியாபாரம். ஒரு நாள் கேப்டன் தாஸ் என் கடைக்கு வந்து, ரொம்ப மரியாதையா ஒரு வேண்டுகோள் வெச்சான். தாஸ் பெயிண்டர், அதிர்ந்து பேச மாட்டான். "அக்கா, செகண்ட் ஹாஃப்ல மட்டும் லெஃப்ட் சைடுல உக்காருங்க. அந்தப் பக்கத்துக்காரனும் கொஞ்சம் படட்டும்."

சேலத்துப் பையன்

ரெண்டாயிரம் பொறந்தப்புறம் எங்க வியாபாரமே மாறிப்போச்சு. எலெக்ட்ரானிக் சிட்டியில வேலை பாக்குற பசங்க கழுத்துல அட்டையோட வர ஆரம்பிச்சாங்க. எல்லாம் விசா மெழுகுவத்தி. அதுல கார்த்தின்னு ஒரு சேலத்துப் பையன். பிஜி ஹாஸ்டல்ல தங்கி, சனிக்கிழமையானா என்ன பண்றதுன்னு தெரியாம கடை வாசல்ல நிப்பான். "வாப்பா தம்பி, மேட்ச் பாக்கலாம்"னு இழுத்துட்டுப் போனேன்.

கிரிக்கெட் தவிர எதையும் பாக்காத பையன். நம்ம ஆளு கீழ விழுந்தா "எல்பியா அக்கா?"ன்னு கேக்கறான். இடையில டீ வாங்கப் போயிட்டு வந்து, "யாரு பேட்டிங்?"ன்னு தமாஷ் வேற. ஆனா முடியறதுக்குள்ள என் பக்கத்துல நின்னு சகாயத்தைத் திட்டிக்கிட்டிருந்தான். வெளிய வரும்போது சட்டையெல்லாம் வேர்வை. சுவத்துல சாஞ்சுக்கிட்டு சொன்னான்: "அக்கா, இது ரொம்ப மோசமான ஆட்டம். ஓவர் முடிஞ்சா மூச்சு விடலாம்னு பாத்தா, ஓவரே முடிய மாட்டேங்குது!"

கேப்டன் கேட்டது

அப்பறம் அந்த வருஷம் வந்துச்சு. லீக்ல கடைசி மேட்ச். எங்களுக்கும் அதே ஃபேக்டரி டீமுக்கும். கடைசி ரெண்டு இடத்துல நாங்க ரெண்டு பேரும்தான். அவங்க எங்களை விட ஒரு பாயிண்ட் ஜாஸ்தி. அவங்களுக்கு டிரா போதும். நாங்க ஜெயிச்சே ஆகணும். இல்லன்னா கடைசி இடம், அடுத்த வருஷம் கீழ் டிவிஷன். கீழ போனா நல்லா ஆடுறவன் எல்லாம் ஆளுக்கொரு கிளப்புக்குப் போயிடுவான். டீமே இருக்காது. அந்த மஞ்சள் பனியனோட கதை அன்னைக்கோட முடிஞ்சுது.

எனக்குச் சோறு இறங்கல. வியாழக்கிழமை உடம்பு சரியில்லன்னு கடையை மூடிட்டு, அத்திபெலேல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறதுன்னு முடிவு பண்ணினேன். நவநாள் அன்னைக்குக் கடையை மூடறதான்னு இவரு குதிச்சாரு. "உங்களுக்கு என்ன தெரியும்? ஃபோர்மேன் வந்து நிப்பாரு, நாம குடுப்போம், அதோட முடிஞ்சுது!"ன்னு நானும் குதிச்சேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்த நேரத்துல தாஸ் வேலை முடிச்சு, பெயிண்ட் கறையோட வந்தான். நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டான். சிரிக்கவும் இல்ல. "அக்கா, அவருக்குக் குடுங்க. நீங்களே உங்க கையால குடுங்க. குடுக்காம இருந்து நாங்க ஜெயிச்சா, எங்க காலுக்கு என்ன மரியாதை?"

பாஸ்

குடுத்தேன். கடையிலயே பெரிசு எதுவோ அதை, என் கையால, பேப்பர் சுத்தி. "ஆல் தி பெஸ்ட் சார்"னு கூடச் சொன்னேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. சனிக்கிழமை கடையை மூடிட்டு நாங்க எல்லாரும் ஸ்டேடியத்துக்குப் போனோம். இவரும் வந்தாரு! ஜெயிச்சா ஏத்தறதுக்குன்னு நான் ரெண்டு அட்டைப்பெட்டி மெழுகுவத்தியும் எடுத்துட்டுப் போயிருந்தேன். எதிர் கேலரியில வெள்ளைச் சட்டையில ஃபோர்மேன் சார்.

மொதல்ல அவங்கதான் கோல் போட்டாங்க. கார்னர்ல இருந்து ஒரு ஹெட். எல்லாம் என் கையாலன்னு நெனைச்சேன். செகண்ட் ஹாஃப்ல சகாயம் தனியாவே கொண்டுபோய் ஒண்ணு போட்டான், சமம் ஆச்சு. ஆனா சமம் நமக்கு ஆகாதே! ரெஃப்ரி வாட்சைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்ப சகாயத்துக்கு மறுபடியும் பந்து கிடைச்சுது. ஒருத்தனை ஏமாத்தினான். ரெண்டாவது ஆளையும் ஏமாத்தினான். மூணாவது ஆளு வரான். இத்தனை வருஷத்துக் கோவத்தையும் சேத்து வெச்சுக் கத்தினேன்: "பாஸ் குடுடா பாவி!" குடுத்தான்! சேசுவே, அவன் பொறந்ததுல இருந்து மொத தடவையா குடுத்தான்! தாஸ் வந்த வேகத்துல அடிச்சான், வலை ஆடுச்சு. அதுக்கப்புறம் விசில்தான். நான் யாரைக் கட்டிப் பிடிச்சேன், யாரை அடிச்சேன்னு எனக்கே தெரியாது. இவரு கண்ணுல தண்ணி. கார்த்தி தரையில உக்காந்து சிரிக்கிறான். கிரவுண்டுக்குள்ள ஓடிப்போய் சகாயத்தோட ரெண்டு கன்னத்தையும் பிடிச்சு, "எப்படிடா குடுத்தே?"ன்னு கேட்டேன். அவன் மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான்: "உங்க வாயை மூடறதுக்குத்தான்க்கா குடுத்தேன்!"

ஆஸ்டின் டவுன் வழியா

ஸ்டேடியத்துல இருந்து ஆஸ்டின் டவுன் தாண்டி விவேக் நகர் வரைக்கும் நடந்தே வந்தோம். சாயங்காலம் இருட்டற நேரம். எல்லாரும் மஞ்சள் பனியன், எல்லார் கையிலயும் என் கடை மெழுகுவத்தி. தாஸைத் தோள்ல தூக்கிக்கிட்டாங்க. பசங்க தப்பட்டை அடிக்கிறாங்க. ரோட்டுல போறவங்க பாத்தாங்க: மஞ்சள் துணி, மெழுகுவத்தி, தோள் மேல ஒரு ஆளு. ஏதோ சர்ச் திருவிழாத் தேர்ப்பவனின்னு நெனைச்சு ஓரமா நின்னு கும்பிட்டாங்க. ஒரு ஆட்டோக்காரரு இறங்கிச் செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. பூக்காரம்மா ஒரு முழம் மல்லியைத் தாஸ் மேல போட்டுட்டு சிலுவை போட்டுக்கிட்டா. பாவம் தாஸ், மேல இருந்துக்கிட்டு "நான் பெயிண்டர்ம்மா, பெயிண்டர்!"ன்னு கத்தறான், யாரு காதுல விழுது?

சிக்னல்ல டிராஃபிக் போலீஸ்காரரு ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்தி வழி விட்டு, சல்யூட்டும் அடிச்சாரு. நாங்க பாதி தாண்டினதும் என்கிட்ட வந்து, என்ன ஹப்பாம்மா இதுன்னு கேட்டாரு. ஹப்பான்னா கன்னடத்துல பண்டிகை. பொய் சொல்ல மனசு வரல. "பண்டிகை இல்ல சார், ஃபேக்டரி டீமை ஜெயிச்சுட்டோம்"னேன். அவரு மொகம் மாறிடுச்சு. பின்னாடி பஸ்ஸு, லாரி எல்லாம் ஹாரன் அடிக்குது. அவங்களைக் கையைக் காட்டி அடக்கினாரு. அப்பறம் கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "ஸ்கோர் எஷ்டு?"

மறு வியாழக்கிழமை

வருவாரோ மாட்டாரோன்னு இருந்தேன். வந்தாரு. அதே வெள்ளைச் சட்டை. கையில மைசூர் பாக்கு டப்பா இல்ல. நான் வாங்கி வெச்சிருந்தேன், அவரு கையில குடுத்தேன். ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "உங்க கேப்டன் அடிச்ச கோல் நல்ல கோல்ம்மா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு இன்னும் பத்து வருஷம் மெழுகுவத்தி விக்கலாம்னு தோணிச்சு. ஃபேக்டரியில இப்பல்லாம் புதுசா ஆட்டக்காரங்களை எடுக்கறதில்ல, எல்லாம் வயசான காலுன்னு வருத்தப்பட்டாரு. இத்தனை நாளா எதிரியா நெனைச்ச மனுஷன் நம்மளை மாதிரியே தோத்துட்டு நின்னாரு. "இன்னொரு துண்டு எடுத்துக்கங்க சார்"னேன். கிளம்புவாருன்னு பாத்தா, ரேக்கைக் காட்டினாரு. "கீழ் டிவிஷன்ல இருந்து மேல வரணும் ரீத்தம்மா. அதே பெரிசுல ஒண்ணு குடுங்க. உங்க கையாலயே குடுங்க."

ரெண்டு டீமுக்கும் மெழுகுவத்தி வித்தவங்கிற உரிமையில சொல்றேன்: சாமி யாரு பக்கமும் இல்ல, சகாயம் பாஸ் குடுத்தா மட்டும் நம்ம பக்கம்.