எல்சி முகத்தை மறைத்த நாற்பது நாள்

எல்சி காசிமேட்டில் மீன் எடுத்து வந்து, ராயபுரம் கல்மண்டபம் பக்கம் பகல் இரண்டு மணிவரை உட்கார்ந்து விற்பவள். வயது நாற்பத்திரண்டு. பிள்ளைகள் இல்லை. கணவன் அருள்நாதன் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவன். இரண்டு வருடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லி கத்தார் துறைமுகத்து இழுவைக் கப்பலில் வேலைக்குப் போனான். நாலு வருடமாகிவிட்டது. தினமும் மூன்று மணிக்கு, அவனுடைய சாப்பாட்டு நேரத்தில், வீடியோவில் கூப்பிடுவான். அந்த இருபது நிமிடம்தான் அவர்கள் குடித்தனம்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள், "டிசம்பர் இருபது வந்துர்றேன்மே. லீவு எயுதி குட்துட்டாங்க" என்றான்.

சிரித்தாள் எல்சி. அப்போதுதான் திரையின் மூலையில் சின்னதாகத் தெரிந்த தன் முகத்தைக் கவனித்தாள். இரண்டு கன்னத்திலும் பழுப்பாக மங்கு படர்ந்திருந்தது. அவன் போகும்போது இது இல்லை. விட்டுப்போன முகத்தையே அவன் வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள்: எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் ஆப்ப சோடா, பத்தே நாள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எல்சிக்குப் பக்கத்தில் கொத்தமல்லி, எலுமிச்சை விற்கிறவள் தாஹிரா. டிசம்பர் இருபது என்று எல்சி முதலில் சொன்னது அவளிடம்தான்; பிறகு கல்மண்டபம் முழுக்கச் சொன்னாள். "தெனம் ரெண்டு எலுமிச்சம்பயம் இன்னாத்துக்குடி?" என்று தாஹிரா கேட்டாள்.

"ஜூசு குடிக்கறேன்க்கா" என்றாள் எல்சி.

காலையில் எழுந்ததும் தேய்த்துக்கொள்வாள். எரியும். பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு வாரத்தில் கன்னம் வெளுத்தது போலவே இருந்தது. பதினோராவது நாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. சரியாகக் கழுவாமலே கிளம்பிவிட்டாள். அன்று மழை விட்டுச் சுள்ளென்று வெயில். கடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயும் காற்றில் கிழிந்து போயிருந்தது. சாயங்காலம் முகம் திகுதிகுவென்று எரிந்தது. மறுநாள் கன்னமெல்லாம் கொப்புளம். குளிர்ச்சி என்று தயிரில் மஞ்சளைக் குழைத்து அதன்மேல் பூசினாள். நீர் வடிய ஆரம்பித்தது.

தாஹிராதான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விஷயம் தெரிந்ததும், "நான் குட்த்த பயமாடி?" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

தோல் டாக்டர் திட்டவில்லை. "எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயில்ல காஞ்சா வெந்து போயிடும்மா. ஆப்ப சோடா மேல்தோலையே அரிச்சுடும். மங்குக்கு முதல் எதிரி வெயில்தான். நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும்" என்றார்.

"டிசம்பருக்குள்ள சரியாய்டுமா டாக்டரம்மா?"

"புண்ணு ஆறிடும். கறுப்பு போக மாசக்கணக்குல ஆகும். போகாமலும் இருக்கலாம்."

அன்று முதல் மூன்று மணிக்கு போன் வந்தால், எல்சி கேமராவைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டாள். கேமரா கெட்டுவிட்டதாகச் சொன்னாள். அவன் அவளுக்குத் தெரிவான். அவள் அவனுக்குத் தெரியமாட்டாள். அவன் சோறு பிசைவதையும், காதோரம் புதிதாக நரைத்திருப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். நாளாக ஆக அவன் பேச்சு குறைந்தது.

"இருட்டாண்ட பேசறா மாரி கீதுமே. கடைல குட்து ரிப்பேர் பண்ணேன்" என்றான் ஒருநாள். பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதாள்.

டிசம்பர் பதினெட்டு. அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "லீவ கேன்சல் பண்ட்டாங்க எல்சி. எனுக்கு பதிலா வர வேண்டியவன் வர்ல. ஏப்ரல்ன்றாங்க" என்றான்.

யாருக்காக எரிச்சலைப் பொறுத்துக்கொண்டாளோ அவன் வரப்போவதில்லை. அவள் விரல் தானாக விலகியது.

அவன் போனை முகத்தருகே கொண்டுவந்தான். கன்னத்தில் தீய்ந்தது போல இரண்டு திட்டு.

"இன்னாமே இது?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"நாப்பது நாளா உன் மூஞ்சப் பாக்காம பைத்தியம் மாரி கெடந்தேன்! அந்த மங்கோடவே காட்னா இன்னாமே?" என்று கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீ இங்க இருந்தா நான் ஏன்யா தேய்க்கப் போறேன்?" என்றாள் எல்சி.

சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதிய பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

இது மார்ச் மாதம். எல்சி பெரிய குடை ஒன்றை நட்டு அதன் நிழலில் விற்கிறாள். டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர வேறெதையும் முகத்தில் வைப்பதில்லை. இடது கன்னம் தெளிந்துவிட்டது. வலது கன்னத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. அருள்நாதன் தேதி சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை அவள் அதை யாரிடமும், தாஹிராவிடம்கூட, சொல்லவில்லை.