பொன்னம்மை கேட்ட திருத்தம்

ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு உண்டு என்று அரசாங்கம் அறிவித்த வருடம் நான் இளம் கிளாக்கர். சுயாட்சி படிப்படியாகத்தான் வரும், இது முதற்படி என்று எங்களுக்கு விளக்கினார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஏழு ஊர்களுக்கு வாக்காளர் பெயர்ப் பதிவேடான இடாப்பை எழுதுவது என் வேலை.

கடைசி ஊருக்கு வயல்வட்டையூடாகச் சேற்றில் மூன்று மைல் நடக்க வேண்டும். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் மறித்தார்.

“அங்க பொண்டுகள் எல்லாம் களை புடுங்கப் போயிருப்பாளுகள். ஆம்புளைகள்ற பேர நான் சொல்றன், எழுதுங்க.”

எழுதினேன். அவர் வீட்டில் மீன்கறியோடு சாப்பிட்டுவிட்டு, வீடு வீடாக விசாரித்ததாகக் கையெழுத்தும் வைத்தேன்.

வாக்களிப்பு நாளில் இடாப்பைப் பார்க்க உட்கார்ந்தவனும் நான்தான். பத்து மணிபோல அந்த ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் வந்தார்கள். முன்னால் நின்றவள் பொன்னம்மை என்ற கூலிக்காரி.

“பேர் இல்லையே,” என்றேன்.

“நல்லாப் பாருங்க ஐயா. எங்களுக்கும் வோட்டு இரிக்கி எண்டு வாத்தியார் சொன்னவர். இண்டைக்கு வேலைக்கும் போகல்ல.”

வாக்களிப்பு நிலைய அதிகாரி என் பக்கம் திரும்பினார். “வீடு வீடாப் போனீரா?”

“போனன் சேர். இவங்க பேர் தரமாட்டம் எண்டுட்டாங்க.”

பொன்னம்மை என்னையே பார்த்தாள். “எங்கட ஊருக்கு நீங்க எப்ப வந்தீங்க?”

நான் குனிந்துகொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள்.

மறுவாரம் அதே அதிகாரி அறிக்கை சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ‘உட்கிராமப் பெண்கள் வாக்குரிமையில் அக்கறை காட்டவில்லை, அடுத்த படிக்கு அவசரப்படத் தேவையில்லை’ என்று ஒரு வரி வந்தது. என் விரல் நின்றது.

“என்ன, விளங்கல்லையா?”

“விளங்குது சேர்.” அடித்து முடித்தேன். அறிக்கை கொழும்புக்குப் போனது.

அடுத்த இடாப்புத் திருத்தத்தின்போது அந்த ஊரை நானே கேட்டு வாங்கினேன். இம்முறை நடந்தே போனேன். நடந்ததைப் பொன்னம்மையிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவளைக் கண்டதும் இடாப்பை விரித்துப் பெயரைத்தான் கேட்டேன். அவள் பெயர் சொன்னாள். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“அண்டைக்கு நாங்க பேர் தரமாட்டம் எண்டதா சொன்னீங்களே ஐயா. அத வெட்டியாச்சா?”

“இல்ல,” என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போகாத வீட்டுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். அவளுடைய பெயரைப் பிறகு சேர்க்க முடிந்தது. கொழும்புக்குப் போன அந்த வரியை என்னால் கடைசிவரை வெட்ட முடியவில்லை.